தந்தை நிழலுலகின் கூட்டாளி. மகன் போர் நாயகன்: சிகாகோ விமான நிலையப் பெயருக்குப் பின்னால் ஒரு குடும்பம்

தில்லியிலிருந்து சிகாகோ செல்லும் இந்தியர்கள் வந்திறங்குவது ஓஹேர் சர்வதேச விமான நிலையத்தில். பயணச்சீட்டில் அதன் குறியீடு ஓ.ஆர்.டி. என்றிருக்கும். ஆர்ச்சர்டு என்ற பழைய பெயரின் எச்சம் அது. அமெரிக்கக் கடற்படை விமானி எட்வர்ட் ஓஹேரின் நினைவாக 1949-இல் பெயர் மாற்றப்பட்டது. புட்ச் என்பது அவரது செல்லப்பெயர். அவருடைய தந்தையின் பெயரும் எட்வர்ட் ஓஹேர்தான். ஆனால் சிகாகோவில் அந்தப் பெயர் முதலில் அறிமுகமானது வேறு காரணத்துக்காக.

1914 மார்ச் 13-ஆம் தேதி செயின்ட் லூயிஸ் நகரில் புட்ச் பிறந்தார். வழக்கறிஞரான தந்தை, நாய்ப் பந்தயத்தில் நாய்களை ஓட வைக்கும் இயந்திர முயலைக் கண்டுபிடித்தவருக்காக வாதாடினார். கண்டுபிடித்தவர் இறந்ததும் அதன் உரிமையைத் தாமே வாங்கிக்கொண்டார். செல்வம் குவிந்தது. பந்தயத்தில் சூதாட்டமும், சூதாட்டத்தில் தாதாக்களும் புழங்கிய காலம் அது. சிகாகோவை ஆட்டிப்படைத்த அல் கபோனுடன் அவர் தொழில் கூட்டு வைத்தார்.

1927-இல் பெற்றோர் மணமுறிவு பெற்றனர். தந்தை சிகாகோவுக்குச் செல்ல, பதின்மூன்று வயது புட்ச் ஆல்டன் நகர ராணுவப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். இரு சகோதரிகளும் தாயுடன் தங்கினர்.

1930-இல் தந்தை ரகசியமாகப் பக்கம் மாறினார். ஒரு செய்தியாளரின் ஏற்பாட்டில் வரித் துறை அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்கத் தொடங்கினார். கபோன் தரப்பு ஜூரிகளை வளைக்க முயல்வதையும் அவரே தெரிவித்ததாகக் கூறப்படுகிறது. நீதிபதி கடைசி நேரத்தில் ஜூரிக் குழுவையே மாற்றினார். 1931-இல் வரி ஏய்ப்புக்காகக் கபோனுக்கு 11 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

மகனைக் கடற்படை அகாதெமியில் சேர்க்க வேண்டும், அதற்குத் தம் பெயரில் உள்ள கறை தடையாகக் கூடாது என்பதற்காகவே அவர் காட்டிக்கொடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. மகன் மீது அவருக்குப் பாசம் இருந்தது உண்மை. ஆனால் திருந்திய தந்தை என்ற சித்திரம் முழுமையாகப் பொருந்தவில்லை. கபோன் சிறை சென்ற பிறகும் அவர் பந்தயத் தொழிலை விடவில்லை. இறுதிவரை சிகாகோவில் பந்தய மைதானம் நடத்தினார்.

புட்ச் 1933-இல் அகாதெமியில் சேர்ந்து 1937-இல் பட்டம் பெற்றார். அவர் விமானப் பயிற்சியில் இருந்தபோது, 1939 நவம்பர் 8-ஆம் தேதி, பந்தய மைதானத்திலிருந்து காரில் திரும்பிய தந்தை சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில் கபோன் விடுதலையானார். கொலையாளிகள் பிடிபடவே இல்லை. செய்தித்தாள்களில் தந்தையின் பெயர் மீண்டும் தாதாக்களின் பெயர்களோடு அடிபட்டது. புட்ச் பயிற்சியைத் தொடர்ந்து, 1940-இல் விமானியானார்.

1942 பிப்ரவரி 20-ஆம் தேதி, பசிபிக் பெருங்கடலில் லெக்சிங்டன் விமானந்தாங்கிக் கப்பலை நோக்கி ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. இடைமறிக்கும் நிலையில் இருந்தவை இரண்டே விமானங்கள். உடன் வந்தவரின் துப்பாக்கிகள் இயங்கவில்லை. புட்ச் தனியாகப் பாய்ந்தார். சில நிமிடங்களில் ஐந்து விமானங்களை அவர் வீழ்த்தியதாகக் கடற்படை கணக்கிட்டது. ஜப்பானிய ஆவணங்களை ஆராய்ந்தோர் பின்னர் அதை மூன்றாகக் குறைத்தனர். கப்பல் தப்பியதில் மாற்றுக் கருத்து இல்லை. ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட் மெடல் ஆஃப் ஹானர் வழங்கினார். அதைக் கழுத்தில் அணிவித்தவர் மனைவி ரீட்டா.

1943 நவம்பர் 26-ஆம் தேதி இரவு, கில்பர்ட் தீவுகள் அருகே எதிரி விமானங்களைத் தேடிச் சென்ற புட்ச் திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 29. மகளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. உடலோ விமானமோ கிடைக்கவில்லை.

விமான நிலையத்தின் இரண்டாவது முனையத்தில் இன்று ஒரு வைல்ட்கேட் போர் விமானம் வைக்கப்பட்டுள்ளது. அது புட்ச் ஓட்டிய விமானமல்ல. மிச்சிகன் ஏரியிலிருந்து மீட்கப்பட்டு, அவருடையதைப் போல வண்ணம் பூசப்பட்டது.