காகிதத் துண்டுகளில் ஒரு வாழ்க்கை
(கணிப்பொறித் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன்)

முதல் வருஷம் ஒர்க்‌ஷாப்பில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சார் ஃபைல் எடுத்து வரச் சொன்னார். நான் ஓடிப்போய் ரெக்கார்டு வைத்திருந்த ஃபைலை எடுத்து வந்து நீட்டினேன். வகுப்பே சிரித்தது. அவர் கேட்டது அரம்! எங்கப்பா வேலை பார்க்கும் பட்டறையில் பிறந்ததிலிருந்து அரத்தைப் பார்த்தவன் நான். அதற்கு ஃபைல் என்று ஒரு பேர் உண்டு என்பது மட்டும் எங்க வீட்டில் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் லேபுக்குப் போனால் ஃபைல் என்பது மூன்றாவதாக வேறு ஒன்று.

இப்போது நாலெட்ஜ் கிராஃப் என்று ஒன்று கட்டுகிறார்கள். பேர்களைப் புள்ளிகளாக வைத்து, உறவுகளைக் கோடுகளாக இழுத்துக் கம்ப்யூட்டருக்கு உலக விஷயங்களைக் கொடுப்பது. அதிலும் இதே தலைவலிதான். பேரை மட்டும் எழுதினால் போதாது. யார், எங்கே, எந்தக் காலத்தில், எந்தப் பொருளில் அதை வழங்கினார்கள் என்ற குறிப்பும் பக்கத்திலேயே இருக்கணும். இந்த வேலையைக் காகிதத்திலேயே செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் முர்ரே.

ஸ்காட்லாந்தில் டென்ஹோம் என்ற கிராமத்தில் 1837-ல் பிறந்தார். அப்பா தையல்காரர். மேலே படிக்க வைக்க வசதியில்லை. 14 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு. ஆனால் ஆள் சும்மா இருக்கவில்லை. கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தார், பாஷை பாஷையாகக் கற்றார். 17 வயதில் ஹாயிக் ஊரில் உதவி ஆசிரியர், 20 வயதில் தலைமை ஆசிரியர்.

பிறகு சோதனை வந்தது. முதல் குழந்தை இறந்தது. மனைவிக்கும் உடம்புக்கு முடியவில்லை. அவருக்காகவே லண்டனுக்குக் குடிபெயர்ந்து ஒரு வங்கியில் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். மனைவியும் பிழைக்கவில்லை. இரண்டாவது மணம் 1867-ல். 1870-ல் மறுபடி வாத்தியார் வேலை, மில் ஹில் பள்ளியில். 1873-ல் தம் ஊர்ப்பக்கத்துப் பேச்சு வழக்கைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஊரில் பேசிய பேச்சை மறைக்காமல் ஆராய்ச்சிப் பொருளாக்கியதுதான் அறிஞர்கள் நடுவே அவரை நிறுத்தியது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

1879-ல் அகராதி வேலை கைக்கு வந்தது. பத்து வருஷத்தில் முடிப்பதாகத் திட்டம். பள்ளி வளாகத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டார். முன்பு பலர் சேர்த்து வைத்திருந்த சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. ஒரு மூட்டையில் செத்த எலி! இது போதாதென்று, புத்தகங்களைப் படித்துச் சொற்களை எழுதி அனுப்பும்படி இங்கிலீஷ் படிக்கும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள் விட்டார். சீட்டின் மூலையில் சொல். கீழே அது வந்த புத்தகம், ஆசிரியர், வருஷம், பக்கம், முழு வாக்கியம். அவ்வளவுதான். லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. மனநோய் மருத்துவமனையில் அடைபட்டிருந்த மைனர் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர்கூட வருஷக்கணக்கில் எழுதி அனுப்பினார்.

இந்தச் சொல் சரியா தப்பா என்று முர்ரே தீர்ப்பு சொல்லப் புறப்படவில்லை. சாட்சிகளை வருஷ வரிசையில் நிறுத்தினார். வழக்கொழிந்த சொல்லுக்கு முன்னால் சிலுவை போல ஒரு குறி. இன்னும் வேற்று நாட்டு வாசனை போகாத சொல்லுக்கு இரட்டைக் கோடு. வட்டார வழக்கு, கப்பல்காரர் வழக்கு, இயந்திரத் தொழில் வழக்கு என்று பக்கத்திலேயே சுருக்கக் குறிப்பு. அகராதியின் முன்னுரைப் பகுதியில் ஒரு படமும் போட்டார். நடுவில் எல்லோருக்கும் பொதுவான சொற்கள். அங்கிருந்து அறிவியல், தொழில், வட்டாரம், கொச்சை, அந்நியம் என்று நாலாபக்கமும் ஓடும் கோடுகள். நடு தெரியும், ஓரம் எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது என்பது அவர் கருத்து. கிராஃப் பாடம் படிக்கிற நமக்கு அந்தப் படம் ரொம்பப் பழகினதாகத் தெரியும்! அவர் பார்த்த எழுத்துகளில் சி-யும் ஒன்று. நம்ம கட்டுமரம், சுருட்டு, கறி மூன்றும் கேட்டமரான், செரூட், கரி என்று அதில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

முதல் பகுதி 1884-ல் வெளிவந்தது. ஐந்து வருஷ உழைப்பு, ஆனால் ஏ எழுத்தே முடியவில்லை. அடுத்த வருஷம் வாத்தியார் வேலையை விட்டு ஆக்ஸ்போர்டுக்கே போய்விட்டார். அங்கே வீட்டுத் தோட்டத்தில் புதுக் கொட்டகை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பார்வை மறைக்கக்கூடாது என்று பாதியைத் தரைக்குள் இறக்கினார்கள். உள்ளே ஈரம், குளிர். கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு வேலை. பிள்ளைகள் 11 பேர். சீட்டு அடுக்கிக் கொடுத்தால் கைக்காசு கிடைக்கும். தபால் குவிந்ததால் வீட்டு வாசலிலேயே ஒரு தபால்பெட்டி நட்டார்கள்.

தவறே நடக்கவில்லையா? நடந்தது. அப்பெண்டிசைட்டிஸ் என்ற சொல் டாக்டர்கள் வட்டத்துச் சொல்தானே என்று விடப்பட்டது. 1902-ல் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கே அந்த நோய் வந்து முடிசூட்டு விழா தள்ளிப்போனது. ஊரெல்லாம் அதே பேச்சு, அகராதியில் மட்டும் இல்லை! அடிமைப் பெண்ணைக் குறிக்கும் பாண்ட்மெய்ட் என்ற சொல்லின் சீட்டுகளோ எங்கேயோ தொலைந்தே போயின. அந்தப் பகுதி அச்சாகி வந்தபோது சொல்லே காணோம்.

1908-ல் சர் பட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகும் அதே கொட்டகை, அதே சீட்டு. டி எழுத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1915 ஜூலை 26-ல், 78 வயதில் காலமானார். ஏறக்குறைய பாதி அகராதி அவர் கைப்பட்டது. மீதியைக் கூட இருந்த ஆசிரியர்கள் முடிக்க 1928 ஆகிவிட்டது. மொத்தம் 4,14,825 சொற்கள். தொலைந்துபோன பாண்ட்மெய்ட் 1933-ல் வந்த பிற்சேர்க்கையில்தான் இடம் பிடித்தாள்.