வெள்ளுடை வேந்தர் தியாகராயர்

சென்னை மாநகரின் வடபகுதி உழைப்பாளர் நிறைந்த பகுதியாகும். துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரமும், தண்டையார்ப்பேட்டையும், திருவொற்றியூரும், எண்ணூரும் கடற்கரையை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. ஆலைகளும் புகைபோக்கிகளும் அங்கே எழுவதற்கு நெடுங்காலம் முன்னரே, அப்பகுதி நெசவுத் தொழிலாற் புகழ் பெற்றிருந்தது. திருவொற்றியூரைச் சேர்ந்த காலாடிப்பேட்டை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலட் என்னும் ஆங்கில ஆளுநர் நெசவாளரைக் குடியேற்றிய இடமாகும். அவர் பெயரே மருவி ஊர்ப்பெயராயிற்று. நெய்த துணியை வெளுப்போர் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை எனப்பட்டது. அந்த வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்து, சென்னை மாநகர் முழுமைக்கும் தொண்டாற்றியவர் சர் பிட்டி தியாகராயர் ஆவார்.

தியாகராயர் 1852ஆம் ஆண்டு ஏகாத்தூரிற் பிறந்தார். நெசவையும் வாணிகத்தையும் வழிவழியாக மேற்கொண்ட செல்வக் குடும்பம் அவருடையது. அவர் சிறுவராயிருந்தபொழுது, 1856ஆம் ஆண்டில், தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பழைய தொழில்களும் புதிய பொறிகளும் ஒன்றையொன்று எதிர்கொண்ட காலம் அது. தியாகராயர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றார். அக்காலத்தே பட்டம் பெற்றோர் பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தையே நாடினர். தியாகராயரோ தம் முன்னோர் தொழிலையே மேற்கொண்டார்.

அந்நாளில் அயல்நாட்டு ஆலைத்துணி மலிந்த விலைக்கு வந்து குவிந்தமையால், கைத்தறியாளர் பலர் பிழைப்பின்றி வாடினர். தறியைத் திருத்தி, உழைப்பின் பயனைப் பெருக்கினாலன்றி நெசவாளர் நிமிர இயலாது என்பது தெளிவு. ஆகவே தியாகராயர் தாம் நிறுவிய நெசவுச் சாலையில் விசைநாடாத் தறிகளை அமைத்தார். பழைய தறியில் நெசவாளர் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் வாங்க வேண்டும். விசைநாடாத் தறியிலோ ஒரு கயிற்றைச் சுண்டி இழுத்தால் நாடா தானே இப்புறமும் அப்புறமும் ஓடும். இதனால் நெசவு விரைவாயிற்று. 1909ஆம் ஆண்டு தோன்றிய தென்னிந்திய வணிகர் சங்கத்தை நிறுவியவருள்ளும் அவர் ஒருவர். அதன் தலைவராகவும் அவர் பல்லாண்டு விளங்கினார்.

ஈட்டிய பொருளோடு நிறைவு கொள்ளாது, பொதுப்பணியிலும் அவர் ஈடுபட்டார். 1882ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி மன்றத்தில் உறுப்பினராகப் புகுந்த அவர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அம்மன்றத்திற் பணியாற்றினார். மாநகராட்சிப் பணி ஆரவாரமற்ற பணியாகும். குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு, குப்பை, கொள்ளைநோய்த் தடுப்பு, தொடக்கப் பள்ளி ஆகியவையே அங்கே நாள்தோறும் பேசப்படுவன. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் முதலில் துன்புறுவோர் ஏழை மக்களே.

1916ஆம் ஆண்டில் டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் சி. நடேசனார் ஆகியோருடன் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தியாகராயர் தோற்றுவித்தார். கல்வியிலும் அரசாங்கப் பணியிலும் பின்தங்கியிருந்த வகுப்பினர் உரிய இடம் பெறுதல் வேண்டும் என்பது அதன் நோக்கம். அச்சங்கத்தின் நாளேட்டின் பெயரால் அது நீதிக்கட்சி என வழங்கலாயிற்று. 1920ஆம் ஆண்டு இறுதியில் நடந்த தேர்தலில் அக்கட்சி வெற்றி பெற்றது. முதன்மை அமைச்சர் பதவி தியாகராயரை நாடி வந்தது. அவர் அதனை ஏற்கவில்லை. சுப்பராயலு ரெட்டியார் அப்பதவியை ஏற்றார். பதவியின்மீது பற்றில்லாமை அவர் குணங்களுள் தலையாயது.

எளிமையும் தன்மதிப்பும் அவரிடம் இணைந்திருந்தன. ஆங்கில ஆட்சியாளரைக் காணச் செல்வோர் அவர்தம் முறைப்படி உடையணிந்து செல்வது அந்நாள் வழக்கம். தியாகராயரோ தமது வெண்ணிற உடையிலேயே எவரையும் கண்டார். அரசாங்கத்தாரும் அதற்கு இசைந்தனர். வெள்ளுடை வேந்தர் என்று மக்கள் அவரைப் போற்றியது இதனாலேயாம்.

தியாகராயர் மாநகராட்சி மன்றத்தின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசாங்க உத்தியோகத்தர் அல்லாத ஒருவர் தேர்தல் வழியே அவ்விருக்கையில் அமர்ந்தது அதுவே முதன்முறை. அப்பொறுப்பில் இருந்தபொழுது அவர் ஆற்றிய செயல்களுள் ஒன்று சிறியதாகத் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. அதுவே பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளித்த செயலாகும்.

பள்ளி என்றவுடன் கட்டடமே நம் நினைவிற்கு வருகின்றது. நல்ல பள்ளிக்கு நல்ல கட்டடம் இன்றியமையாததே. காற்று புகும் பலகணியும், கண்ணுக்குத் தீங்கு செய்யாத வெளிச்சமும், தூய குடிநீரும், கழிப்பிடமும் இல்லாத இடத்தில் பிள்ளைகள் நோயின்றிக் கற்றல் அரிது. இவற்றிற்கெல்லாம் பொதுப்பணம் வேண்டும். அப்பணம் குடிமக்கள் கொடுக்கும் வரியிலிருந்து வருகின்றது. ஆனால் கட்டடமும் ஆசிரியரும் அமைந்த பின்னரும், பிள்ளைகள் வாராத பள்ளியினால் யாது பயன்?

அக்காலத்துச் சென்னையில் இதுவே பெருங்குறையாக இருந்தது. மாநகராட்சிப் பள்ளிகளிற் சேர்ந்தோர் பெரும்பாலும் கூலிவேலை செய்வோரின் மக்கள். விடியற்காலையில் தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றுவிட்டால், நண்பகலில் அப்பிள்ளைகளுக்குச் சோறிடுவார் இலர். சில வீடுகளில் இடுவதற்குச் சோறும் இல்லை. பசித்த பிள்ளை பள்ளிக்கு வரத் தயங்கும். வந்தாலும் பிற்பகலிற் பாடம் அதன் செவியில் ஏறாது. சில நாட்களில் அது பள்ளியை விட்டுச் சிறு கூலிக்குப் போய்விடும். பிள்ளைகளின் வறுமை பள்ளியின் மாணவர் தொகையைக் குறைக்கின்றது என்பதனைத் தியாகராயர் மன்றத்தில் எடுத்துரைத்தார்.

1920ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16ஆம் நாள் மாநகராட்சி மன்றம் இதற்கு ஒரு வழி கண்டது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் மாணாக்கருக்கு நண்பகலிற் சிற்றுண்டி வழங்கலாம் என்றும், ஒரு மாணாக்கருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவிற்கு மேற்படாமற் செலவிடலாம் என்றும் மன்றம் இசைவு தந்தது. 16 அணாக்கள் கொண்டது ஒரு ரூபாய். பள்ளி ஆண்டிற்கு 200 நாட்கள் நடைபெறுவதாகக் கொண்டால், ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு மிகுதியாகப் பார்த்தாலும் 12 ரூபாய் 8 அணாவே.

இச்செலவு சிக்கனமானதா, வீணானதா என்பதனை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் அமர இடமிருக்க, இருபது பேரே வருகின்றனர் என்று கொள்வோம். கட்டடத்தைப் பேணும் செலவு குறைவதில்லை. ஆசிரியரின் ஊதியமும் குறைவதில்லை. வெற்றிடமாகக் கிடக்கும் இருபது இருக்கைகளுக்கும் சேர்த்தே மக்கள் வரி கொடுக்கின்றனர். ஓர் அணாச் சிற்றுண்டி அவ்விருக்கைகளை நிரப்புமாயின், முன்னர்ச் செலவிட்ட பெரும்பொருள் பயன்பெறும். ஆகவே உணவிற்கு இட்ட அணா, கல்விக்கு இட்ட அணாவேயாம்.

பிற நாடுகளிலும் இவ்வெண்ணம் அப்பொழுது தோன்றியிருந்தது. இங்கிலாந்தில் 1906ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டம், பள்ளிப் பிள்ளைகளின் உணவிற்காக உள்ளூர் ஆட்சி மன்றங்கள் வரிப்பணத்தைச் செலவிட இடந்தந்தது. செல்வம் மிக்க அந்நாட்டிலேயே பசித்த பிள்ளைகள் பலர் இருந்தனர். பசியோடிருக்கும் பிள்ளைக்குக் கட்டாயக் கல்வி கொடுப்பதாற் பயனில்லை என்பதனை அந்நாட்டார் உணர்ந்தனர். அடிமை நாட்டின் ஒரு நகரமன்றம் குறைந்த பொருளைக் கொண்டு அவ்வழியிற் செல்லத் துணிந்தது பாராட்டிற்குரியது.

ஆயிரம் விளக்கில் தொடங்கிய திட்டம் பின்னர் மேலும் சில மாநகராட்சிப் பள்ளிகளுக்கு விரிவாயிற்று. பயனும் கண்கூடாக விளங்கிற்று. அப்பள்ளிகளில் 1922-23ஆம் ஆண்டில் 811ஆக இருந்த மாணாக்கர் தொகை, 1924-25ஆம் ஆண்டில் 1671ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் தொகை இருமடங்கிற்கும் மேலாயிற்று.

ஆயினும் நற்செயலுக்கு இடையூறு வாராமற் போவதில்லை. தொடக்கக் கல்விக்கென ஒதுக்கப்பட்ட நிதியிலிருந்து உணவிற்குச் செலவிடுதல் கூடாது என்று அரசாங்கம் தடுத்தது. 1925ஆம் ஆண்டு ஏப்ரல் முதல்நாள் திட்டம் நின்றது. அந்நிதியைக் கொண்டு பள்ளிக்கட்டடம் எழுப்பலாம், கரும்பலகை வாங்கலாம், ஆசிரியருக்கு ஊதியம் அளிக்கலாம், ஆனால் அக்கட்டடத்துள் அமர்ந்து, அக்கரும்பலகையை நோக்கும் பிள்ளையின் பசியைத் தீர்த்தலாகாது என்பதே அத்தடையின் பொருளாயிற்று. நிதியைக் காக்க விதிகள் வேண்டும் என்பதனை எவரும் மறுக்கார். விதி ஏன் பிறந்தது என்பதனை மறந்து அதன் எழுத்தை மட்டும் பற்றி நிற்கும்போது, விதியே நோக்கத்திற்குப் பகையாகிவிடுகின்றது.

அதே 1925ஆம் ஆண்டில் தியாகராயர் இவ்வுலக வாழ்வை நீத்தார். பதவிகள் பலவற்றை வகித்தும், வந்த பெரும் பதவியை விலக்கியும் வாழ்ந்த அவர், தாம் தொடங்கிய இச்சிறு பணி நின்றுபோன ஆண்டிலேயே மறைந்தமை வருந்தத் தக்கது.

ஆனால் நல்ல எண்ணம் அதனைத் தொடங்கியவரோடு மறைவதில்லை. மாநகராட்சி சிறிது காலத்திற்குள் ஏழை மாணாக்கர் சிலருக்கேனும் மீண்டும் உணவளிக்கலாயிற்று. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1956ஆம் ஆண்டில், காமராசர் முதலமைச்சராயிருந்தபொழுது, மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவியது. அதில் ஊர்மக்கள் கொடுத்த பொருளும் அரசாங்கம் தந்த உதவியும் இணைந்தன. 1982ஆம் ஆண்டில் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2001ஆம் ஆண்டில், நாடெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளிற் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டமும் தொடங்கிற்று. ஒரு காலத்தில் கல்வி நிதிக்குப் புறம்பானது என விலக்கப்பட்ட உணவு, இன்று பள்ளியின் ஓர் உறுப்பாகிவிட்டது. பள்ளிக்கட்டடம் எழுப்புங்கால் சமையற்கூடமும் உடன் எழுப்பப்படுகின்றது.

தியாகராயர் பெயரைத் தாங்கிய தியாகராய நகர், அவர் வாழ்ந்த பகுதிக்கு வெகுதொலைவில் உள்ளது. அங்கே கடைத்தெருவிற்கு வருவோருட் பலர் அப்பெயர் யாருடையது என்று அறியார். அவர் பெயரால் 1950ஆம் ஆண்டில் தோன்றிய கல்லூரி பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ளது. வடசென்னை உழைப்பாளரின் மக்கள் பலர் அதிற் பயின்று உயர்ந்துள்ளனர். மாநகராட்சியின் இரிப்பன் மாளிகையில் அவரது உருவச்சிலை நிற்கின்றது.

பெயரும் சிலையும் நினைவுச் சின்னங்களே. நண்பகல் மணி ஒலித்ததும் பள்ளிகளிற் பிள்ளைகள் தட்டேந்தி வரிசையாக அமரும் காட்சியே அவருக்கு உயிருள்ள நினைவுச் சின்னமாகும். பொதுப்பணத்தைக் காப்பவர் அதனைப் பூட்டி வைத்தல் மட்டும் போதாது. அது எவருக்காகத் திரட்டப்பட்டதோ அவரைச் சென்று சேருமாறு செய்தலும் வேண்டும். பள்ளியின் சுவர் பிள்ளைக்காக எழுந்ததேயன்றி, பிள்ளை சுவருக்காகப் பிறந்ததன்று. நகராட்சியிலும் நாட்டின் ஆட்சியிலும் பொறுப்பேற்க இருக்கும் இன்றைய மாணாக்கர், வெள்ளுடை வேந்தரின் வாழ்விலிருந்து இதனைக் கற்றுக்கொள்வாராக.