வறுவலுக்குச் சுவை சேர்த்தவர்

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினால், உள்ளே நீலத் தாளில் மடித்த உப்பு இருக்கும். அதைத் தூவி, குலுக்கித் தின்ன வேண்டும்! வேறு ருசி கிடையாது.

இந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜோ மர்பி. அயர்லாந்து நாட்டவர். 1923-ம் ஆண்டு டப்ளின் நகரில் பிறந்தார்.

1954-ல் வறுவல் கம்பெனி தொடங்கினார். பொட்டேட்டோ என்ற சொல், அவருடைய சின்ன மகன் வாயில் டேட்டோ என்று வந்தது. அதையே கம்பெனிக்குப் பெயராக வைத்தார்.

இருந்ததோ இரண்டு அறை, ஒரு வேன், எட்டு ஆட்கள். அதை வைத்துக்கொண்டு, ஊரார் ருசித்திராத பண்டத்தை விற்க வேண்டும்!

சீமஸ் பர்க் என்ற தொழிலாளி, மேஜை மீது பல கலவைகளைச் செய்து பார்த்தார். வறுவலில் உள்ள எண்ணெய்ப் பசையில்தான் சுவைத்தூள் ஒட்டும். தூள் கூடினால் திகட்டும், குறைந்தால் ருசிக்காது.

கடைசியில் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் சேர்ந்த ருசி பிறந்தது. ஜனங்கள் விரும்பி வாங்கினார்கள். மர்பி பணக்காரர் ஆனார்.

1964-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனி பெரும் பங்கை வாங்கியது. 1983-ல் மீதிப் பங்கையும் விற்றுவிட்டு, மர்பி ஸ்பெயினில் குடியேறினார். 2001-ல் காலமானார்.

இன்று கடைகளில் எத்தனையோ ருசிகளில் வறுவல் தொங்குகிறது. அவற்றுக்கு வழி காட்டியவை, டப்ளினில் இருந்த அந்த இரண்டு அறைகள்!