கட்டுவிரியன் தந்த சாட்சியம்

மாத்தளையை அடுத்த தோட்டப் பாடசாலையொன்றில் நான் விஞ்ஞானம் கற்பித்த காலத்தில், மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்த பின்னும் வீடு செல்லாது நின்றாள். அவள் தாய்க்கு நான்காவது பிள்ளையும் பெண்ணாகப் பிறந்திருந்தது. லயத்தில் அப்பாயியின் ஏச்சு ஓயவில்லை. மனிதரிடத்தில் பிள்ளையின் பாலைத் தீர்மானிப்பது தந்தை வழங்கும் நிறமூர்த்தமே எனக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். எல்லா உயிர்களுக்கும் அப்படித்தானா என்று அவள் மறுகேள்வி போட்டாள். எனக்கு உடனே விடை தெரியவில்லை. நூல்களைப் புரட்டியபோது, பெரும்பாலான பாம்புகளில் முறை தலைகீழ் என்றும், அங்கே தாயே தீர்மானிக்கிறாள் என்றும் அறிந்தேன். அந்தத் தேடலில் எதிர்ப்பட்டவர்தாம் லால்ஜி சிங்.

1947 யூலை 5ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்துக் கல்வாரிக் கிராமத்தில், உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்று, பேராசிரியர் ராய் சௌத்ரியிடம் ஆராய்ச்சி மாணவரானார். எடுத்துக்கொண்ட பொருளோ பாம்புகளின் நிறமூர்த்தம்! தரையிற் பாய் விரித்து உறங்குவோரை இரவில் தீண்டுகிறதே, நாம் பெயர் சொல்லவும் கூசும் கட்டுவிரியன், அதுவும் அவருடைய ஆய்வுமேசைக்கு வந்தது.

பால் நிறமூர்த்தங்கள் இரண்டும் ஆதியில் ஒத்த இணையாக இருந்தன. பின்னர் ஒன்று மாத்திரம் சிதைந்து குறுகியது என்பது அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ 1967இல் நூலாக வெளியிட்ட கொள்கை. அதற்குப் பாம்புகளே படிக்கட்டுப் போன்ற சான்று. மலைப்பாம்பில் இணை வேறுபடாதது. விரியனிலோ பெண்ணுக்குரிய நிறமூர்த்தம் தேய்ந்து சிறுத்திருக்கும். இடைப்பட்ட சில பாம்புகளில் இரண்டும் ஒரே அளவின. ஆயினும் அவற்றிலும் பெண்ணின் நிறமூர்த்தம் கலக்கருவினுள் சுருண்டு தனித்துக் கிடப்பதைக் காசிக் குழுவினர் கண்டு 1971இல் எழுதினர். உருவம் குறுகுமுன்னரே நடத்தை மாறிவிடுகிறது என்பது அதன் பொருள். கட்டுவிரியனில் இன்னொரு வியப்பு: ஆணுக்குப் பால் நிறமூர்த்தம் நான்கு, பெண்ணுக்கு மூன்று. இதனை 1970இலேயே அவர்கள் வெளியிட்டிருந்தனர்.

1974இல் பொதுநலவாயப் புலமைப்பரிசில் பெற்று எடின்பரோ சென்றார். அங்கே கென்னத் ஜோன்சுடன் சேர்ந்து, மஞ்சட்பட்டைக் கட்டுவிரியனின் பெண் நிறமூர்த்தத்தில் மிகுந்து காணப்படும் ஒரு டி.என்.ஏ. பகுதியைப் பிரித்தெடுத்தார். நான்கே எழுத்துக்கள், சுவடி நகலெடுப்பவன் உறங்கிவிட்டாற்போல, திரும்பத் திரும்ப வருவது அது. எலியின் ஆண் நிறமூர்த்தத்திலும் அது தென்படவே, பாலைத் தீர்மானிக்கும் திறவுகோல் கிட்டிவிட்டதென்ற நம்பிக்கை எழுந்தது. நம்பிக்கை பலிக்கவில்லை. பாலூட்டிகளில் ஆண்மையைத் தொடக்கும் பரம்பரையலகை 1990இல் இலண்டன் ஆய்வாளர் வேறிடத்திற் கண்டனர். பதினைந்து ஆண்டு உழைப்பின் தலைமை எதிர்பார்ப்பே பொய்த்தது என்றால், பலர் சோர்ந்திருப்பர்.

ஆனால் அவர் கையிலிருந்த அந்தப் பாம்புத் துணுக்கு வேறொரு வேலைக்கு உகந்ததாயிருந்தது. மனிதரிலும் அது சிதறிக் கிடக்கிறது. ஒருவரில் உள்ள அமைவு மற்றொருவரில் இல்லை. ஆளை ஆள் பிரித்தறியும் மரபணுக் கைரேகை முறையை 1984இல் இங்கிலாந்தில் அலெக் ஜெப்ரிஸ் கண்டிருந்தார். 1987இல் ஹைதராபாத் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்திற் சேர்ந்த லால்ஜி சிங், தம் பாம்புத் துணுக்கைக் கொண்டே இந்தியாவுக்கென ஒரு முறையை அடுத்த ஆண்டில் உருவாக்கினார்.

அம்முறை முதலில் நீதிமன்றம் ஏறியது கேரளத்துத் தலைச்சேரியில். ஒரு பெண் தன் பிள்ளைக்குத் தந்தை இன்னாரென்றாள்; அவர் மறுத்தார். தாயின் சொல்லன்றி வேறு சாட்சி எங்கே? மூவர் இரத்தமும் ஹைதராபாத்திற் சோதிக்கப்பட்டது. அவள் சொன்னது மெய்யென முடிவு வந்தது. நீதிமன்றம் அதனை ஏற்றது. 1991இல் சிறீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கிலும், மாண்டோரை அடையாளம் காண இம்முறை பயன்பட்டது. உலகம் பேசியது இரண்டாவதை. நான் மாணவிகளுக்குச் சொல்வது முதலாவதை.

1998 முதல் 2009 வரை அம்மையத்தின் பணிப்பாளராயிருந்தார். 2011இல் தாம் பயின்ற பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தராகி, மூன்றாண்டும் ஒரு ரூபாயே சம்பளமாகப் பெற்றார். 2017 டிசம்பர் 10ஆம் நாள் மாரடைப்பால் காசியிலேயே காலமானார். அவர் மறைந்த அதே ஆண்டில், ஒரு மலைப்பாம்பு இனத்திலும் ஒரு போவா இனத்திலும், மனிதரைப் போலத் தந்தையே பாலைத் தீர்மானிப்பதாக ஓர் ஆய்வு வெளியாயிற்று. படிக்கட்டின் அடிப்படியையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. நானும் என் பழைய பாடக்குறிப்பைத் திருத்தி வைத்திருக்கிறேன்.