சூலுக்குள் பார்த்த பேராசிரியர்

தென்னை பாளை விட்டதா, மா பூத்ததா, பூ நின்றதா, கொட்டிவிட்டதா என்பதே பழனியை அடுத்த எங்கள் நெய்க்காரப்பட்டி வட்டார விவசாயிகளின் கணக்கு. பூ வாடுவதற்கும் பிஞ்சு திரள்வதற்கும் இடையே மரத்துக்குள் நிகழ்வதை நாம் அதிகம் பேசுவதில்லை. அந்த மறைவான இடைவெளியை ஆராய்ந்த ஒருவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னையில் வாழ்ந்தார். மாநிலக் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் இருந்த பி.ஜி.எல். சுவாமிதான் அவர்.

கன்னடத்தின் பெருங்கவிஞர் டி.வி. குண்டப்பாவின் மகனான சுவாமி, பெங்களூரில் பயின்று, ஆர்க்கிட் தாவரங்களின் கருவியலில் ஆய்வைத் தொடங்கினார். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இர்விங் பெய்லியுடன் பணியாற்றினார். அந்நாளில் இத்துறையின் முதன்மைக் கருவி பொறுமைதான். வெவ்வேறு வயதுடைய மொட்டுகளைப் பறித்துப் பதப்படுத்த வேண்டும். மெழுகில் பதித்து மிக மெல்லிய சீவல்களாக வெட்ட வேண்டும். சாயமேற்றி நுண்ணோக்கியில் வரிசையாகப் பார்க்க வேண்டும். உயிரற்ற அந்தச் சீவல்களிலிருந்தே உயிர் உருவாகும் கதையைக் கோத்தெடுக்க வேண்டும்.

கதை வியப்பானது. சூலுக்குள் ஒரு தாய்ச்செல் பிரிந்து நான்காகிறது. பெரும்பாலான தாவரங்களில் அவற்றுள் மூன்று அழிந்துவிட, எஞ்சும் ஒன்றே கருப்பையாக வளர்கிறது. அதன் உட்கரு மூன்று முறை பகுந்து எட்டாகிறது. அவற்றுள் ஒன்று முட்டைக்குரியது. மகரந்தக் குழாய் கொண்டுவரும் இரு ஆண் உட்கருக்களில் ஒன்று முட்டையோடு கலந்து கருவாகிறது. மற்றொன்று நடுவிலுள்ள உட்கருக்களோடு கலந்து, கருவுக்கு உணவூட்டும் திசுவாகிறது. நாம் குடிக்கும் இளநீரும் துருவும் தேங்காயும் அந்தக் கருவூண் திசுதான். கொட்டையிலிருந்து முளைத்த மா பெரும்பாலும் தாய்மரத்தைப் போலக் காய்க்காமல் போவதும், ஒட்டுக்கன்றைத் தேடுவதும் இந்தக் கலப்பின் விளைவே.

1948இல் சுவாமி சவுக்கு மரத்தின் வாழ்க்கை வரலாற்றை விரிவாக வெளியிட்டார். நம் கடற்கரையெங்கும் நிற்கும் இம்மரம் தாவரவியலாளர்களை நெடுங்காலம் குழப்பியது. இதன் ஒரே சூலில் பல கருப்பைகள் தோன்றுகின்றன. மகரந்தக் குழாயும் வழக்கமான சூல்துளை வழியாகச் செல்லாமல் எதிர்ப்புறமுள்ள அடிப்பகுதி வழியாக நுழைகிறது. 1891இல் இதைக் கண்ட டச்சு அறிஞர் டிரூப், பூக்கும் தாவரங்களில் சவுக்குக்குத் தனிப்பிரிவே வகுத்தார். அதே பின்வாசல் வழி வேறு சில மரங்களிலும் இருப்பது பின்னர் தெரியவந்தது.

சுவாமியின் பெயர் உலகெங்கும் பரவக் காரணம், பெய்லியுடன் 1951இல் வெளியிட்ட சூலக இலை பற்றிய ஆய்வு. பிஜித் தீவின் டிஜெனேரியா போன்ற தொன்மையான மரங்களில் சூலகம், நடுநரம்பில் மடித்த வெற்றிலையைப் போலிருக்கிறது. சூல்கள் மடிப்பின் உட்புறத்தில் அமைகின்றன; விளிம்புகள் முழுவதும் ஒட்டுவதில்லை. கனியின் தோற்றத்தை இலையின் மடிப்பில் தேடிய பார்வை அது.

இத்தகைய அறிஞர் ஆய்வேடுகளோடு நிற்கவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாணவர்களோடு காடுகளில் அலைந்த அனுபவங்களை, தாமே வரைந்த படங்களுடன் கன்னடத்தில் எழுதினார். 'பச்சைப் பொன்' என்று பொருள்படும் 'ஹசுரு ஹொன்னு' நூலுக்கு 1978இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. செடிகளின் பெயரும் குணமும் நகைச்சுவையோடு கலந்த அந்நூல், கன்னட வாசகர்களின் வீட்டுக்குள் தாவரவியலைக் கொண்டுசேர்த்தது. கே.வி. கிருஷ்ணமூர்த்தியுடன் இணைந்து ஆங்கிலத்தில் எழுதிய 'பூவிலிருந்து கனிவரை' என்ற கருவியல் நூல் 1980இல் வந்தது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

தமிழரிடையே வாழ்ந்த நாள்களைப் பற்றியும் அவர் ஒரு நூல் எழுதினார். தமிழின் தொன்மை குறித்த நம் பெருமிதங்களை அது கேலியோடு கேள்வி கேட்டது. அவருடைய முடிவுகளை நான் ஏற்கவில்லை. ஆயினும், அவற்றோடு வாதிடுவது வேறு, அவரையே மறப்பது வேறு. அவர் பாடம் நடத்தியது நம் பிள்ளைகளுக்கு.

அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் புறத்தோற்றத்தின் ஒவ்வொரு பருவத்துக்கும் பெயர் வைத்த மொழி நம்முடையது. அகத்தே நிகழ்வதற்கும் சூல், சூல்துளை, கருப்பை, கருவூண் திசு எனச் சொற்கள் இருக்கின்றன. ஆனால், அவை தேர்வுத்தாளைத் தாண்டி வெளியே வரவில்லை. சுவாமி கன்னடத்துக்குச் செய்ததை நம் தாவரவியல் ஆசிரியர்கள் தமிழுக்குச் செய்ய வேண்டும். தோப்பில் நிற்பவருக்குத் தன் மரத்தின் உள்வாழ்வு தன் மொழியிலேயே விளங்கட்டும். மாநிலக் கல்லூரியின் அந்தப் பேராசிரியருக்குத் தமிழகம் செலுத்தக்கூடிய பொருத்தமான நன்றி அதுவே.