ரோடு போட ரெயில் விட்டவர்

இந்தியாவில் முதன் முதலில் எங்கே ரெயில் பாதை போட்டார்கள்?

பம்பாய் என்பீர்கள். அங்கே 1853-ல் மக்கள் ரெயிலில் போனார்கள். அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே, அம்பத்தூருக்குப் பக்கத்தில் உள்ள செங்குன்றத்தில் கல் ரெயில் ஓடிவிட்டது!

அதை அமைத்தவர், சர் ஆர்தர் காட்டன்.

காட்டன் 1803-ல் இங்கிலாந்தில் பிறந்தார். 18 வயதில் ராணுவ என்ஜினீயராகச் சென்னைக்கு வந்தார்.

கல் வண்டி

அப்போது சென்னையில் நல்ல ரோடுகள் வேண்டி இருந்தன. அதற்கான செம்புராங்கல் செங்குன்றத்தில் கிடைத்தது. கொண்டுவருவதுதான் கஷ்டம். மண் பாதையில் பார வண்டியின் சக்கரம் புதையும். மாடு திணறும்.

இரும்புத் தண்டவாளத்தில் சக்கரம் புதையாது. லேசாக உருளும். அதே மாடு பல மடங்கு பாரம் இழுக்கும்.

1836-ல் சிந்தாதிரிப்பேட்டை பாலத்தின் அருகே சிறிய பாதை போட்டுச் சோதித்தார்கள். 1837-ல் செங்குன்றம் பாதை வந்தது. பெரும்பாலும் கால்நடைகளே வண்டிகளை இழுத்தன. நீராவி என்ஜினையும் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தப் பாதை சில ஆண்டுகளே இயங்கியது.

அணை கட்டினார்

அதே காலத்தில் தஞ்சை வயல்கள் காய்ந்துகொண்டு இருந்தன. காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் வீணாக ஓடியது. காட்டன் கல்லணையைக் கண்டு வியந்தார். முக்கொம்பில் மேலணை கட்டினார். பிறகு கோதாவரிக்குப் போனார். 1847-ல் தொடங்கிய தவளேசுவரம் அணை, 1852-ல் முடிந்தது.

ரெயிலா, வாய்க்காலா?

1856-ல் ராயபுரத்தில் இருந்து ஆவடி வழியாக வாலாஜா ரோட்டுக்கு ரெயில் வந்தது. நாடெங்கும் தண்டவாளம் போட அரசாங்கம் பணத்தைக் கொட்டியது.

அதை எதிர்த்தவர் யார் தெரியுமா? அதே காட்டன்தான்!

ரெயில் நெல்லைச் சுமக்கும், விளைவிக்காது. வாய்க்கால் வெட்டினால் பயிரும் விளையும், படகில் சரக்கும் போகும், செலவும் குறைவு. இதுவே அவர் வாதம்.

1876-ல் பெரும் பஞ்சம் வந்தது. ரெயில் இருந்தும், லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மாண்டார்கள். 1878-ல் இங்கிலாந்து பாராளுமன்றக் கமிட்டியின் முன் காட்டன் வாதாடினார். கமிட்டி ஏற்கவில்லை. ஆனாலும் அவர் தன் கருத்தை விடவில்லை. 1899-ல், 96-வது வயதில் காலமானார்.

கோதாவரிக் கரை விவசாயிகள் அவருக்குச் சிலை வைத்து, மாலை போடுகிறார்கள். அம்பத்தூர், ஆவடி வழியே ரெயிலில் போகும்போது, நீங்களும் அந்தக் கல் வண்டிக்காரரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.