எலிகளுக்கு விருந்து வைத்த விஞ்ஞானி!

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? நாமக்கல் மாவட்டத்தில், 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே ஏறினால், சாமை, தினை, கேழ்வரகு விளையும் காடுகளைப் பார்க்கலாம். முன்பெல்லாம் அங்கே சாமையை உரலில் போட்டு உலக்கையால் குத்துவார்கள். ஒரு வேளைச் சோற்றுக்குக் குத்தி எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். பிறகு மெஷின் வந்தது. வேலை சுலபமாகிவிட்டது. ஆனால், வெள்ளை வெளேர் என்று தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடுமே!

இதே கவலை, சுமார் 100 வருடங்களுக்கு முன்பு குன்னூரில் இருந்த ஒரு டாக்டருக்கும் வந்தது. அவர் பெயர் ராபர்ட் மெக்காரிசன்.

அயர்லாந்தில் போர்ட்டடவுன் என்ற ஊரில், 1878 மார்ச் 15-ல் பிறந்தவர் மெக்காரிசன். டாக்டருக்குப் படித்து முடித்ததும், 1901-ல் இந்தியாவுக்கு ராணுவ மருத்துவராக வந்தார். இமயமலைப் பக்கம் சித்ரால், கில்கிட் என்ற இடங்களில் வேலை. (இரண்டும் இன்று பாகிஸ்தான் வசம் உள்ளன.)

கில்கிட்டில் பலருக்குக் கழுத்து வீங்கி, முன்னால் ஒரு பை தொங்குவது போல இருந்தது. தைராய்டு என்ற சுரப்பி வீங்குவதால் வருகிற நோய் அது. நாம் சாப்பிடும் உணவை உடல் எவ்வளவு வேகமாக எரித்துச் சக்தியாக்க வேண்டும் என்று கட்டளையிடுவதே இந்தச் சுரப்பிதான்.

அங்கே ஒரே வாய்க்கால், மேலிருந்து கீழே பல கிராமங்கள் வழியாக ஓடியது. மேல் கிராமத்தில் 100 பேரில் சுமார் 12 பேருக்கு வீக்கம். கடைசிக் கிராமத்திலோ சுமார் 45 பேருக்கு! தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்தார் மெக்காரிசன். என்ன செய்தார் தெரியுமா? அந்தத் தண்ணீரின் வண்டலை எடுத்துத் தானும் குடித்தார். முன்வந்த சிலருக்கும் கொடுத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கத் தொடங்கியது. கொதிக்க வைத்துக் கொடுத்தபோது வீங்கவில்லை. எனவே கிருமிதான் காரணம் என்று முடிவு செய்தார்.

அந்த முடிவு முழுவதும் சரியில்லை. உணவில் அயோடின் சத்து குறைவதுதான் முக்கியக் காரணம் என்பது பிறகு தெளிவானது. அதனால்தான் நம் வீட்டு உப்பு பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று அச்சடித்திருக்கிறார்கள். பெரிய விஞ்ஞானிகளுக்கும் தப்பு வரும்!

பிறகு மெக்காரிசன் நீலகிரிக்கு வந்தார். முதல் உலகப்போருக்குப் போய்விட்டு, 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வேலையைத் தொடங்கினார். வசதி அதிகம் இல்லாத சின்ன ஆய்வுக்கூடம்தான். அங்கேதான் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அந்த நோய் வந்தால் கால்கள் மரத்துப்போகும். சிலருக்கு உடம்பு நீர் கோத்து வீங்கும். இதயம் பழுதாகி இறந்தும் போவார்கள். அன்றைய சென்னை மாகாணத்தின் வடக்குக் கடலோரத்தில், அதாவது இன்றைய ஆந்திராவில், இந்த நோய் அதிகம். அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசியை விரும்பிச் சாப்பிட்டார்கள்.

நம் பாட்டிமார் நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைப்பார்களே, அந்தப் புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் குறைவு. ஏன்? அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் மில்லில் தீட்டினாலும் அவ்வளவு எளிதில் போகாது. வைட்டமின் என்ற சொல்லே தெரியாத காலத்திலிருந்து புழுக்கி வந்த பாட்டிமாரை என்னவென்று சொல்வது!

வேலை சூடு பிடித்த நேரத்தில் ஓர் அடி விழுந்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, 1923-ல் அரசு இந்த ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டது! ஜனங்களுடைய சாப்பாட்டைப் பற்றிய ஆராய்ச்சி வீண்செலவாம். மெக்காரிசன் விடவில்லை. 1925-ல் மறுபடியும் குன்னூரில் வேலையைத் தொடங்கினார்.

இப்போதுதான் எலிகள் வருகின்றன.

இந்தியாவில் சில ஊர்க்காரர்கள் நெடுநெடுவென்று பலசாலிகளாக இருக்கிறார்கள். சிலர் மெலிந்து இருக்கிறார்கள். இது பரம்பரையா, சாப்பாடா? இதுதான் அவருடைய கேள்வி. மனிதர்களை வைத்துப் பார்த்தால் பரம்பரை, தட்பவெப்பம் எல்லாம் கலந்துவிடும். எனவே ஒரே வகை வெள்ளை எலிகளை எடுத்தார். எல்லாம் ஒரே வயது, ஒரே எடை. 20 எலிகள் கொண்ட 7 குழுக்கள். ஒரு குழுவுக்குச் சீக்கியர் சாப்பாடு, இன்னொன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு. இப்படியே மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, சென்னைக்காரர் என்று தினமும் ஏழு விதச் சமையல்! எலிகள் கொடுத்து வைத்தவைதான்.

கடைசியில் தராசில் நிறுத்தார்கள். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி, எப்போதாவது இறைச்சி என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகளின் சராசரி எடை 235 கிராம். தீட்டிக் கழுவிய அரிசிச் சோறு, பருப்பு, காப்பி, கொஞ்சூண்டு மோர் என்று நம் ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டவை 155 கிராம்தான். கடைசி இடம்!

படித்ததும் ரோஷமாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால், எலிகள் ஒரே வகை என்பதை மறந்துவிடாதீர்கள். குறை நம் பரம்பரையில் இல்லை, தட்டில்தான் என்று காட்டியதே அந்த 155 கிராம்தான். இங்கிலாந்து ஏழைகளின் சாப்பாட்டையும் அவர் விடவில்லை. வெள்ளை ரொட்டி, ஜாம், சர்க்கரை போட்ட டீ, டப்பா இறைச்சி என்று கொடுத்தார். அந்த எலிகள் சரியாக வளரவில்லை. தீனி போட வந்தவர்களைக் கடித்தன. சுமார் 60 நாளில், பலவீனமான எலிகளை மற்றவை கொன்று தின்னத் தொடங்கிவிட்டன!

சிறுதானியத்தையும் அவர் ஆராய்ந்தார். விஸ்வநாத் என்ற வேளாண் வேதியியல் நிபுணரோடு சேர்ந்து, சிறுதானியத்துக்கும் கோதுமைக்கும் போடும் எரு மாறினால் தானியத்தின் சத்து மாறுகிறதா என்று பார்த்து, 1926-ல் கட்டுரை வெளியிட்டார்.

1928-ல் அவர் எழுதிய ஒரு சின்னப் புத்தகம் யாருக்காகத் தெரியுமா? உங்களைப் போன்றவர்களுக்காக! இந்தியப் பள்ளிகளிலும் சாரணர் இயக்கத்திலும் படிப்பதற்காக, எந்த உணவில் என்ன சத்து என்று எளிமையாக எழுதினார்.

1933-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1935-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, ஆக்ஸ்போர்டில் வசித்தார். 1960 மே 18-ல் காலமானார். அதற்குள் அவருடைய குன்னூர் ஆய்வுக்கூடம், இடம் போதாமல் ஹைதராபாத்துக்கு மாறிவிட்டது. இன்று அதன் பெயர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அரிசி, பருப்பு, கீரை, சாமை என்று நாம் சாப்பிடும் ஒவ்வொன்றிலும் எவ்வளவு சத்து இருக்கிறது என்று அளந்து பட்டியல் போடுவது அவர்கள்தான்.